அம்மா "அந்தரமாக் கிடக்கு" என்றால்

சிசேரியனுக்காக நாரியில் (கீழ்முதுகில்) விறைப்பு ஊசி போட்டு, அம்மாவை மெல்லப் படுக்க வைத்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அவர் இரண்டு தரம் கொட்டாவி விட்டார். பிறகு சொன்னார்: "டொக்டர், அந்தரமாக் கிடக்கு."

நான் மயக்க மருந்துப் பிரிவில் சேர்ந்து அப்போது ஏழு மாதம். யாழ் குடாநாட்டுக்குள் இருந்த ஒரு வைத்தியசாலை, பெயர் வேண்டாம். அம்மாவுக்கு இது இரண்டாவது பிள்ளை, முதற்பிள்ளையும் சிசேரியன். காலையில் வோர்ட்டில் பார்த்த பிரசர் 118/74. எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் குனிந்து அவர் நெற்றியில் கைவைத்து, "அது பயத்திலை வாறது அம்மா. பிள்ளையை எடுத்தவுடனை சரியாப் போயிடும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

பிரசர் மெசினை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும்படி விட்டிருந்தேன். அது தன் நேரம் வந்ததும் கைப்பட்டியை ஊதியது. காற்று இறங்கியது, இலக்கம் வரவில்லை. திரும்ப ஊதியது. பிரசர் மிகவும் இறங்கியிருந்தால் மெசின் இப்படித்தான் ஒன்றுக்கு இரண்டு தரம் தேடும் என்பது எனக்கு அன்று தெரியாது. 62/28 என்று திரையில் வந்தபோது அம்மாவின் உதடு வெளுத்திருந்தது, நாடித்துடிப்பு 52. அடுத்த கணம் பச்சையாகச் சத்தி எடுத்தார்.

பிரசரை ஏற்றும் எபெட்ரின் குப்பி தட்டில் இருந்தது. உடைத்து, உப்புத் தண்ணீரில் கலந்து, சிறிஞ்சில் எடுத்து வைத்திருக்கவில்லை. குப்பியை உடைக்கும்போது விரல் வெட்டியது. பக்கத்தில் நின்ற மிஸ் சேலைன் பையைக் கையால் பிழிந்தார், அற்றென்டன்ட் அம்மாவின் காலை உயர்த்திப் பிடித்தார், நான் முதலில் 6 மில்லிகிராம், பிறகு இன்னொரு 6. பிரசர் 98க்கு ஏறியது. பிள்ளையை எடுத்தபோது உடனே அழவில்லை. பிள்ளை டொக்டர் துடைத்து, முதுகை உரசி, அதன் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. தாயும் பிள்ளையும் நாலாம் நாள் நலமாக வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் மறுநாள் வோர்ட்டில் அந்த அம்மா எனக்குச் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. கோபமே இல்லாமல் சொன்னார்: "நான் சொன்னனான் தானே டொக்டர். நீங்கள் பயம் எண்டு சொன்னியள். நானும் பயமாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

என் மேலதிகாரியான மயக்க மருந்து நிபுணர் அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டுப் பதிவுத் தாளை விரித்து வைத்தார். ஏசவில்லை. "அவ அந்தரம் எண்டு சொன்ன நேரத்துக்கும் நீர் மருந்து ஏத்தின நேரத்துக்கும் இடையிலை எத்தினை நிமிசம்?"

"நாலு, சேர்."

"அந்த நாலு நிமிசமும் பிள்ளைக்கு ரத்தம் எங்கையிருந்து போனது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தியேற்றரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும், அடுத்த கிழமை சிசேரியனுக்குத் திகதி கொடுக்கப்பட்டிருக்கிற பிள்ளைகளுக்கும். இருவரும் ஒரே எழுத்தை வாசிப்பது நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

நாரியில் போடும் ஊசி வலி நரம்பை மட்டும் விறைக்கச் செய்வதில்லை. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் நரம்புகளும் அதே இடத்தால்தான் போகின்றன. அவையும் சேர்ந்து விறைக்கின்றன. சிசேரியனுக்கு முலைக்காம்பு மட்டம் வரை விறைப்பு ஏற வேண்டும். அப்படியென்றால் அதற்குக் கீழேயுள்ள உடம்பின் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்து விரிகின்றன.

கோண்டாவிலில், உரும்பிராயில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும். தண்ணீர் மாறுகிறவர் ஒரு பாத்தியைத் திறந்து, அது நிரம்பியதும் மண்ணை வெட்டி அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார். யாராவது எல்லாப் பாத்தியையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் என்ன நடக்கும்? கிணற்றில் தண்ணீர் குறையவில்லை. மெசின் இறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அம்மா ஒரு சொட்டு இரத்தமும் இழக்கவில்லை. இருந்தும் மூளைக்கும் கருப்பைக்கும் போவது குறைகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் இரத்தம் போகிறது. மூளைக்கு, பிரசர் கொஞ்சம் இறங்கினாலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் வித்தை தெரியும். நச்சுக்கொடிக்கு அந்த வித்தை இல்லை. அம்மாவின் பிரசர் எவ்வளவோ அவ்வளவுதான் அதற்கு வரும்.

இதோடு பாரம் ஒன்றும் சேர்கிறது. நிறைமாத வயிற்றோடு மல்லாக்கப் படுத்தால், இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய நாளத்தைக் கருப்பை முதுகெலும்போடு வைத்து அமத்தும். வேறு நேரத்தில் உடம்பு குழாய்களை இறுக்கி அதைச் சமாளிக்கும். ஊசிக்குப் பிறகு அந்தப் பிடியும் இல்லை. ஒரு தடுப்பும் செய்யாமல் விட்டால், இந்த முறையில் சிசேரியன் செய்யும் தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரசர் இறங்கும். அரிதாக வரும் விபத்து இல்லை இது. வரும் என்று தெரிந்தே வரவிடுகிற ஒன்று.

ஆகவே ஊசிக்கு முன்னமே மருந்து கையில் இருக்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு நாளும் இந்த ஒழுங்கை மாற்றியதில்லை: பிரசர் ஏற்றும் மருந்து கலந்து, சிறிஞ்சில் எடுத்து, பெயரும் செறிவும் எழுதி ஒட்டிய பிறகுதான் நாரி ஊசிப் பொதியைத் திறப்பேன். அவசரச் சத்திரசிகிச்சை என்று எல்லோரும் கத்திக்கொண்டு நின்றாலும்.

பினைல்எப்ரின் உள்ள இடத்தில் அதுதான் முதல் மருந்து. ஒரு குப்பியில் 10 மில்லிகிராம் இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் ஆளைக் கொல்லும் அளவு அது. 100 மில்லிலீற்றர் சேலைனில் ஒரு குப்பியைக் கலந்தால் ஒரு மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் வரும். என் விருப்பம் இதுதான். சிறிஞ்சில் இரண்டு தரம் கலக்கிற முறையும் இருக்கிறது: பத்தில் ஒன்று, அதில் திரும்பப் பத்தில் ஒன்று. அப்படிச் செய்தால் நடுவில் உள்ள செறிவு கூடிய சிறிஞ்சைக் கலந்த கையோடு எறிந்துவிடுங்கள். பெயர் எழுதாத ஒரு சிறிஞ்ச் தட்டில் கிடப்பதைவிடப் பயங்கரமான பொருள் தியேற்றரில் வேறொன்றும் இல்லை. எபெட்ரின் 30 மில்லிகிராம் குப்பியைப் பத்து மில்லிலீற்றராக்கினால் ஒரு மில்லிலீற்றருக்கு 3 மில்லிகிராம். அதுவும் பக்கத்தில் இருக்கட்டும். நாடியைக் கூட்டும் அற்றோபினும்.

பம்ப் இருந்தால் காத்திருக்கவே தேவையில்லை. ஊசி போட்ட உடனேயே பினைல்எப்ரினை நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் வரை ஓடவிடலாம்; மேலே சொன்ன செறிவில் அது மணித்தியாலத்துக்கு 15 முதல் 30 மில்லிலீற்றர். 2018 இல் வெளியான சர்வதேச ஒருமித்த பரிந்துரை சொல்வதும் இதுதான்: விழுந்த பிறகு தூக்குவது வேலையில்லை, விழாமல் பிடிப்பதுதான் வேலை. மேல் பிரசர், அம்மாவின் வழமையான அளவில் 90 வீதத்துக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். 80 வீதத்துக்குக் கீழே போகவே விடக்கூடாது. வோர்ட்டில் 120 இருந்த அம்மாவுக்கு 108 என்பது எல்லை, 96 என்பது ஆபத்து. 96ஐப் பார்த்து "நூறுக்குக் கிட்டத்தானே" என்று ஆறுதல் அடையும் பழக்கம் எங்களில் பலருக்கு இருந்தது. ஆனபடியால் வழமையான அளவு எது என்பது முக்கியம். மேசையில் ஏறியவுடன் பயத்தில் 145 காட்டும். அது அவருடைய பிரசர் இல்லை. வோர்ட்டில் அமைதியாகப் படுத்திருந்தபோது எடுத்ததையும் கிளினிக் அட்டையில் உள்ளதையும் பாருங்கள்.

எங்களுக்கு முந்தின தலைமுறை எபெட்ரினை மட்டும்தான் நம்பியது. நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தத்தை அது குறைக்காது என்று 1974 இல் செம்மறியாடுகளில் செய்த ஆய்வு காட்டியிருந்தது. பிறகு, குறிப்பாக ஹொங்கொங்கில் தாய்மாரில் செய்த ஆய்வுகள், எபெட்ரின் நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குள் போய்ப் பிள்ளையின் இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டுகிறது என்று காட்டின. அதற்காக எபெட்ரினைத் தூக்கி எறியவேண்டியதில்லை. எதைக் கொடுப்பது என்பதை நாடித்துடிப்பு சொல்லும். பிரசர் குறைவு, நாடி வேகம் என்றால் பினைல்எப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம். பிரசரும் குறைவு, நாடியும் குறைவு என்றால் எபெட்ரின் 6 மில்லிகிராம். நாடி இன்னும் இறங்கினால் அற்றோபினைப் பிந்தவிட வேண்டாம். பிரசர் நல்லாக ஏறி நாடி குறைந்திருந்தால் பினைல்எப்ரின் கூடிவிட்டது என்று பொருள், நிறுத்திவிட்டுப் பார்த்திருந்தால் போதும். என் முதல் அம்மாவுக்கு நாடி 52. எபெட்ரின் சரியான மருந்துதான். பிந்தியதுதான் பிழை.

சேலைனைப் பற்றி ஒன்று. ஊசிக்கு முன் அரை மணித்தியாலம் ஒரு லீற்றரை மெதுவாக ஓடவிட்டால் மேசைக்கு வருமுன் அதில் பெரும்பகுதி குழாய்க்கு வெளியே போய்விடும். நல்ல பருமனான கனுலா, பச்சை நிறம், போட்டு வைத்திருந்து, ஊசி மருந்து உள்ளே போகும் அதே நேரத்தில் வேகமாக விடுவதுதான் பலன். அதுவும் மருந்துக்குத் துணைதான். தனியே சேலைனை நம்பி நிற்காதீர்கள். வலப்பக்க இடுப்புக்குக் கீழே ஒரு மடித்த போர்வை, அல்லது மேசையை இடப்பக்கம் சரிப்பது. சிறிய சரிவில் நாளம் முழுதாக விடுபடாது என்று எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருந்தாலும், பிரசர் இறங்குகிற நேரத்தில் இரண்டு கையாலும் வயிற்றை இடப்பக்கம் தள்ளிப் பிடிப்பது செலவில்லாத மருந்து. காலை உயர்த்துங்கள். தலையைத் தாழ்த்தாதீர்கள்: நாங்கள் நாரியில் போடுகிற பாரமான விறைப்பு மருந்து, புபிவக்கேய்ன், சரிவைப் பார்த்து ஓடும், விறைப்பு மேலே ஏறும்.

மெசினை நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள், பிள்ளை வெளியே வரும்வரை. அப்படி மாற்றினாலும் அது ஊதி இறங்கி இலக்கம் சொல்ல அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அம்மா குளிரில் நடுங்கினால் இன்னும் பிந்தும். அந்த இடைவெளியில் எங்களுக்கு இருப்பது அம்மாவின் வாய் மட்டும்தான்.

1990களின் முற்பகுதியில், குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் தியேற்றரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு மிஸ்ஸை ஒருமுறை சந்தித்தேன். ஜெனரேற்றருக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சத்திரசிகிச்சை செய்த காலம் அது. பிரசரை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். இரசப் பிரசர் கருவியும் காதுக்குழாயும் ஒருவர் கையில், நாடி இன்னொருவர் விரலில். "அம்மாவைக் கதைக்க வைச்சுக்கொண்டே இருப்பம், பிள்ளை. கதை குறைஞ்சால் பிரசர் குறைஞ்சிட்டுது." மொனிற்றர் பளபளக்கும் இந்தக் காலத்தில் இதை நாங்கள் தவறவிட்டுவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பல வருடம் கழித்து என் மகள் தலை திரும்பாமல் இருந்தாள். நானே அந்த மேசையில் படுத்தேன். ஊசி போட்டது என்னோடு வேலை செய்யும் தோழி. காலில் வெந்நீர் ஊற்றியது போல ஒரு சூடு ஏறியது. சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கொட்டாவி வந்தது. எனக்கு நித்திரை வரவில்லையே என்று யோசித்தது நினைவிருக்கிறது. அடுத்து காது அடைத்தது. கீரிமலைக் கேணியில் மூழ்கியிருக்கும்போது மேலே நின்று கதைக்கிறவர்களின் குரல் எப்படிக் கேட்குமோ, அப்படி. மேலுதட்டில் ஊசி முனையளவு வியர்வை பூத்தது. விளக்கின் ஓரங்கள் மங்கின. வயிறு பிரட்டியது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கையை விட்டுப் போகிறது, எது என்று தெரியவில்லை. பத்து வருடம் இதே வேலை செய்தவள் நான். பிரசர் இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. குரல் உள்ளே போய்விட்டது.

"என்ன செய்யுது? சொல்லும்," என்று தோழி என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள்.

"அந்தரமா..." என்று மட்டும் சொன்னேன்.

நான் முடிக்கும் முன்பே அவள் கை சிறிஞ்சை அழுத்தியிருந்தது. மெசின் அப்போதுதான் ஊதத் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்குள் காது திறந்தது. பிறகுதான் திரையில் 88 என்று வந்தது. அந்த இலக்கம் வரும்போது எனக்குச் சரியாகிவிட்டிருந்தது.

அன்றுதான் பயத்துக்கும் அந்தரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை என் உடம்பு எனக்குச் சொல்லித் தந்தது. பயம் ஊசிக்கு முன்னமே இருக்கும், வாய் ஓயாமல் கதைக்க வைக்கும், கையை இறுக்கிப் பிடிக்க வைக்கும். இது படுத்துச் சில நிமிடத்துக்குள் திடீரென்று வரும். வசனம் குறுகும், குரல் இறங்கும், கை தளரும். பயந்தவர் கூப்பிடுவார். பிரசர் இறங்கியவரால் கூப்பிட ஏலாது. அதனால் நாங்கள்தான் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் தாய்மாரிடம் "ஓகேயா அம்மா?" என்று கேட்டால் "ஓம்" என்பார்கள். டொக்டருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன மரியாதை அது. பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்பதும் சரிவராது, பிறக்குமுன் பெயர் சொல்லப் பலருக்கு விருப்பமில்லை. நான் கேட்பது: "வீட்டிலை இப்ப ஆர் சமைக்கினம்?" இந்தக் கேள்விக்கு "ஓம்" என்று பதில் சொல்ல முடியாது. "மாமிதான் சமைக்கிறா, மூத்தவன் அவவின்ரை கறி சாப்பிடமாட்டான், அம்மாவும் வந்து நிக்கிறா" என்று நீளமாக வந்தால் பிரசர் இருக்கிறது. "மாமி..." என்று நின்றுவிட்டால் என் இடக்கை விரல் அவர் நாடியைத் தேடும், வலக்கை சிறிஞ்சைத் தேடும்.

யாழ்ப்பாணத்தில் இப்போது சிங்களம் பேசும் டொக்டர்மார் பலர் வேலை செய்கிறார்கள். பொறுமையாகத் தமிழ் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் "அந்தரம்" என்றால் என்ன என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன். தலைச்சுற்றும் இல்லை, ஓங்காளமும் இல்லை, பதற்றமும் இல்லை, மூன்றும் கலந்து உயிர் நழுவுவது போன்ற ஒன்று. பாடப்புத்தகத்தில் அதற்குச் சொல் இல்லை. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வேலை செய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கவேண்டும் என்று ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது. கடைசியில் ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்: அந்தரமாக் கிடக்கு. என்னவோ செய்யுது. ஒரு மாதிரிக் கிடக்கு. தலைக்கிறுதியா இருக்கு. கண் இருட்டுது. சத்தி வரப்பாக்குது. இதில் எந்தச் சொல் காதில் விழுந்தாலும் முதலில் பிரசர் பட்டனை அழுத்து, நாடியைத் தொடு, மருந்தைக் கையில் எடு. ஆறுதல் சொல்வது அதற்குப் பிறகு.

"மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு" என்ற சொல்லை அந்த மட்டையில் சேர்க்கவில்லை. அது வேறு. விறைப்பு நெஞ்சு வரை வந்தால் மூச்சு விடுவது தெரியாமல் போகும், பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனால் "என்ரை கையை இறுக்கிப் பிடியுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். பிடி தளர்ந்தால், விரல் விறைத்தால், குரல் கிசுகிசுவென்று ஆனால் விறைப்பு கழுத்துப் பக்கம் ஏறுகிறது. உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள், மூச்சுக் குழாய் போட ஆயத்தமாகுங்கள். பிள்ளை பிறந்த பிறகு இறங்கும் பிரசரும் வேறு கதை. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஒக்சிற்றோசினை ஒரேயடியாகத் தள்ளினால் பிரசர் விழும், மெதுவாக ஏற்றுங்கள். அப்படியும் விழுந்தால் ஊசிமேல் பழியைப் போடாமல் சத்திரசிகிச்சை செய்கிறவரிடம் "இரத்தம் எவ்வளவு போகுது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி மேசையில் படுக்கப்போகும் பிள்ளைகளுக்கு.

உங்களுக்கு வழமையாகப் பிரசர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பகாலப் பதிவு அட்டையில் குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு கிளினிக்கிலும் எழுதியிருப்பார். கடைசி மாதங்களில் மல்லாக்கப் படுக்கும்போது தலை கிறுகிறுத்திருந்தால் அதை மயக்க மருந்து டொக்டரிடம் சொல்லுங்கள். சின்ன விசயமாகத் தெரியும், எங்களுக்கு அது பெரிய தகவல். சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தவேண்டும், ஆனால் வெறும் தண்ணீரை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரை குடிக்கலாம் என்பதுதான் பொதுவான விதி. இரவு பன்னிரண்டு மணிக்கு வாயைக் கட்டி, உங்கள் முறை அடுத்த நாள் மத்தியானம்தான் வருகிறது என்றால், "இன்னும் பிந்துமெண்டால் கொஞ்சம் தண்ணி குடிக்கலாமோ?" என்று மிஸ்ஸிடம் கேட்பதில் பிழையில்லை. எங்கள் வெயிலில் உடம்பு வறண்டு மேசைக்கு வருவது நல்லதல்ல.

ஊசி போட்ட பிறகு உடம்பு என்ன சொல்கிறதோ அதை அப்படியே சொல்லுங்கள். சரியான சொல் தேடவேண்டாம். சொல் வராவிட்டால் டொக்டரின் கையைத் தட்டுங்கள். பயம் என்று யாராவது சொன்னாலும், "இல்லை, இது வேறை" என்று இரண்டாம் தரம் சொல்லுங்கள். வெளியே நிற்கும் தாய்தகப்பன், மாமி, கணவன், உள்ளே போகிற பிள்ளைக்குச் சொல்லி அனுப்பவேண்டியதும் இதுதான். "டொக்டர் சொல்லுறதைக் கேட்டுப் பேசாமல் படு" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

நாரியில் ஊசி போட்டால் காலமெல்லாம் நாரி நோ என்ற பேச்சு இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஊசி குத்திய இடம் சில நாள் நோகும். அதற்குப் பிறகும் நீளும் நாரி நோவுக்குப் பிள்ளை சுமந்த உடம்பும், குனிந்து பால் கொடுப்பதும்தான் பெரும்பாலும் காரணம். எழும்பி இருந்தால் தலையிடி வந்து, படுத்தால் குறைகிறதென்றால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். அது ஊசியால் வருவது, அதற்கு வைத்தியம் இருக்கிறது.

கடைசியாக, பிரசர் இறங்குவது தியேற்றரோடு முடிவதில்லை. விறைப்பு விட்டு முதல் தரம் கட்டிலால் இறங்கும்போது திரும்ப வரும். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் இருங்கள், பிறகு மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்புங்கள். முதல் தரம் கழிப்பறைக்குத் தனியே போகவேண்டாம். வீட்டுக்குப் போனதும் நொச்சியும் வேப்பிலையும் போட்டு அவித்த தண்ணீரில் முழுக வார்ப்பார்கள். சுடுதண்ணீர் குழாய்களை விரிக்கும், இரத்தம் குறைந்த உடம்பு தாங்காது. என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த நாட்களில் என் அம்மா குளியலறைக்குள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டவேண்டாம் என்று சொல்லி வெளியே ஸ்ரூலில் இருந்துகொண்டா. தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றால், "என்ன பிள்ளை, கதையைக் காணேல்லை?" என்று கேட்பா.